ஏர்ஃபோர்ஸ் நியூஸ எப்படி படிக்கறது: நம்பர விடுங்க, ஸ்குவாட்ரன எண்ணுங்க

"97 தேஜஸுக்கு ஒப்பந்தம்"னு ஹெட்லைன் வந்தா, அடுத்த மாசமே நம்ம நாட்டுலயே டிசைன் பண்ண இந்த ஃபைட்டர் விமானம் 97ம் பறக்கப் போகுதுன்னு கமெண்ட் போட ஒரு கூட்டம் ரெடியா இருக்கும். இந்திய விமானப்படைய ஒழுங்கா ஃபாலோ பண்ணனும்னா கொஞ்சம் வேற ரூட்ல போகணும்.

முதல்ல வரலாறு. 1932 அக்டோபர் 8 ஆரம்பம், 1933ல கராச்சில நாலு வாபிடி விமானத்தோட முதல் ஸ்குவாட்ரன் (ஒண்ணா இயங்கற விமானப் பிரிவு), அந்த அளவு இப்போதைக்கு போதும். எல்லா போரையும் தேதி வாரியா மனப்பாடம் பண்ணாதீங்க, தூக்கம்தான் வரும். அதுக்கு பதிலா ஒரே ஒரு விமானத்த புடிச்சுக்கிட்டு பின்னாடியே போங்க, என்னோட சாய்ஸ் சோவியத் ஃபைட்டர் மிக்-21. 1963ல உள்ள வந்துச்சு, 1971ல டாக்கா கவர்னர் மாளிகைய அடிச்சது இதுதான், கார்கில்லயும் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 26ல சண்டிகர்ல விடை குடுத்தாங்க. 62 வருஷம்! ஒரு ஃபைட்டர ஏன் அவ்ளோ நாள் ஓட்டுனாங்கன்னு கேட்டாலே நவீனமயமாக்கல் கதை பாதி வெளிய வந்துரும்.

பதில் என்னன்னா, அதுக்கு பதிலா வரவேண்டியது நேரத்துக்கு வரல. தேஜஸ் திட்டம் 1983ல தொடங்குனது, முதல் பறப்பு 2001 ஜனவரி 4, முதல் ஸ்குவாட்ரன் 2016ல. இங்க நீங்க கவனிக்க வேண்டியது எஞ்சின். 1961லயே அரசு விமான கம்பெனி ஹெச்ஏஎல்ல மாருத்னு ஒரு ஜெட் பறக்க விட்டாங்க, ஜெர்மன் டிசைனர் குர்ட் டாங்க் போட்டது, உடம்பு சூப்பர், ஆனா அதுக்கேத்த பவர் உள்ள எஞ்சின் கடைசி வரைக்கும் கெடைக்கல. அப்புறம் நம்ம நாட்டுலயே உருவாக்குன காவேரி எஞ்சினும் தேஜஸுக்கு செட் ஆகல, அமெரிக்காவோட ஜிஇ எஃப்404 போட்டாங்க. இப்ப தேஜஸோட மேம்படுத்தின மாடலான மார்க்-1ஏ லேட்டானதுக்கும் அந்த எஞ்சின் சப்ளை ஒரு பெரிய காரணம். அதனால எந்த புது விமானம் பத்தி படிச்சாலும் முதல் கேள்வி, எஞ்சின் எங்கேருந்து வருது?

அடுத்து, நியூஸ் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு பாக்கணும். பாதுகாப்பு அமைச்சர் தலைமையில இருக்கற டிஏசி (ராணுவ கொள்முதல் கவுன்சில்) "தேவைதான்"னு ஒத்துக்கறது ஒண்ணு, டெண்டர் ஒண்ணு, பேரம் பேசறது ஒண்ணு, பிரதமர் தலைமையிலான கமிட்டி ஓகே சொல்றது ஒண்ணு, கையெழுத்து ஒண்ணு, டெலிவரி வேற. டிஏசி ஓகே ஆனத "வாங்கியாச்சு"ன்னு போடற சேனல்கள நம்பவே நம்பாதீங்க, பெண் பாக்க போனதையே கல்யாணம்னு சொல்ற மாதிரி அது. பிரான்ஸோட ரஃபேல் ஃபைட்டர எடுத்துக்கோங்க: 2007ல 126 விமானத்துக்கு டெண்டர், 2012ல ரஃபேல் செலக்ட், 2015ல அந்த டீலே கைவிட்டாச்சு, 2016ல 36க்கு கையெழுத்து, 2020 ஜூலை 29ல முதல் அஞ்சு அம்பாலால எறங்குச்சு, 36ம் வந்து சேர 2022 டிசம்பர் ஆச்சு.

அப்புறம்தான் ஸ்குவாட்ரன் கணக்கு. ஒரு ஃபைட்டர் ஸ்குவாட்ரன்னா சுமாரா 16லேருந்து 18 விமானம். அனுமதி 42 ஸ்குவாட்ரனுக்கு, மிக்-21 போனதும் கையில இருந்தது 29. அதாவது புதுசா வர்றது ஒரு பக்கம், பழசு போறது இன்னொரு பக்கம், ரெண்டையும் சேத்து பாக்காம "பலம் கூடிருச்சு"ன்னு சொல்ல முடியாது.

எல்லாமே புது விமானம்தான்னும் இல்ல. மிராஜ் 2000, ஜாகுவார் எல்லாம் ரேடார், ஆயுதம் மாத்தி அப்கிரேட் ஆனதுதான். தஞ்சாவூர்ல 2020ல வந்த சுகோய் ஸ்குவாட்ரன்ல பிரமோஸ் மிசைல் சேத்ததுதான் விஷயமே, கடல் பக்கம் ரொம்ப தூரம் எட்டலாம். யாரும் பெருசா பேசாத ஐட்டம் நடுவானத்துல எரிபொருள் நிரப்பற டேங்கர், 2003லேருந்து வந்த ஐஎல்-78 ஆறே ஆறுதான், ஃபைட்டர் எவ்ளோ வாங்குனாலும் அது எவ்ளோ தூரம் போகும்னு முடிவு பண்றதுல இதுக்கு பெரிய பங்கு.

எங்க படிக்கறதுன்னா, அரசோட பத்திரிகை தகவல் அலுவலகமான பிஐபி அறிக்கையில ஒப்பந்த தொகை, எண்ணிக்கை, டெலிவரி எப்ப தொடங்கும்னு நேரா போட்டுருப்பாங்க. நாடாளுமன்ற பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கையும் அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கையும் ஃப்ரீயா கெடைக்கும், கொஞ்சம் டிரைதான், ஆனா டிவி விவாதம் மூணு மணி நேரம் பாக்கறதுக்கு அதுல பத்து பக்கம் தேவலாம்.