செத்தவனுக்குப் பதில் ஆள்: மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதைக்குள் விளையாடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடக் கூடுவோம். 2003-இல் வந்த 3.5 பதிப்புதான் எங்களுடையது. அதில் லீடர்ஷிப் என்ற சிறப்புத் திறனை எடுத்தவருக்கு கோஹார்ட் என்ற வலக்கை ஒருவன் கிடைப்பான். லெவலும் கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் திறன்) கூடுதலும் சேர்ந்த லீடர்ஷிப் மதிப்பெண் போதுமானால், ஃபாலோவர் என்ற சாதாரணத் தொண்டர் கூட்டமும் சேரும்.

கோஹார்ட் செத்த மறுநாளே "இன்னொருத்தன் வந்துட்டான்" என்று ஷீட்டில் (கதாபாத்திரக் குறிப்புத் தாளில்) எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மாற்று ஆள் சேர, கதைக் கணக்கில் 1 முதல் 4 மாதம் ஆகும். நான்கு பக்கப் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். சாவுக்கு நீங்களே காரணம் என்றால் ஒரு வருடம் வரை இழுக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த விதி சட்டென்று புரியும். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை கங்காணிகள் சொந்த ஊருக்குக் கப்பலேறிப் போய், உறவு, ஊர்க்காரர் என்று பேசித்தான் பால்மரம் (ரப்பர்) வெட்ட ஆள் திரட்டினார்கள். அதற்கு நாள் பிடிக்கும், நல்ல பேரும் வேண்டும்.

அந்தப் பேரைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 8-ஆம் லெவல், கரிஸ்மா கூடுதல் 2 என்றால் மதிப்பெண் 10. அட்டவணை 7-ஆம் லெவல் கோஹார்ட் தரும். ஆனால் அவன் உங்களைவிட இரண்டு லெவலாவது குறைவாக இருக்க வேண்டும், அதனால் 6. உங்களால் அவன் செத்தால் அடுத்த கோஹார்ட்டுக்கு 2 குறையும்: மதிப்பெண் 8, வருகிறவன் 5-ஆம் லெவல்தான். ஃபாலோவர்கள் உங்களால் செத்தால் அவர்களுக்கான மதிப்பெண்ணில் 1 குறையும். ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். 10-க்கு ஐந்து பேர் வருவார்கள், 9-க்கு ஒருவரும் வரமாட்டார்!

கூலி கொடுத்து அமர்த்தும் ஆளை ஃபாலோவராகச் சேர்ப்பதும் தவறு. அவன் காசுக்கு வருகிறவன், அப்புறம் போய்விடுவான். ஐந்தாம் பதிப்பின் வீரர் கையேட்டில் லீடர்ஷிப்பே இல்லை என்பதால், அதை விளையாடுகிறவர்கள் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது நல்லது.

இன்னொன்று எனக்கு மனசு பொறுக்காது: செத்தவனின் வாள், குரல், சுபாவம் எல்லாவற்றையும் அப்படியே புதியவனுக்கு மாட்டிவிடுவது. எங்கள் மேசையில் புதிதாக வருகிறவன் முதலில் ஒரு கேள்வி கேட்பான்: "எனக்கு முன்னாடி இருந்தவர் எப்படிச் செத்தார்?" தலைவன் அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அவன் பெயர் ஷீட்டில் ஏறும்.