வெள்ளைப்புழுவக் கொல்ற நூற்புழு: நம்ம மண்ணுல இருந்தே பிடிக்கிறது எப்படி?

தர்மபுரி, பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலக்கடலை போடறவங்களுக்கு மண்ணுக்குள்ள வேரத் தின்ற வெள்ளைப்புழு பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, செடி திட்டுத்திட்டா வாடும், இழுத்தா வேரில்லாம கையோட வந்துடும். இந்தப் புழுவக் கொல்ற பாக்டீரியா ஒண்ணு இருக்கு, பேரு ஃபோட்டோராப்டஸ். அது குடியிருக்கிறது அரை மில்லிமீட்டர் நூற்புழுவோட குடல்ல. நூற்புழு உள்ள பூந்து பாக்டீரியாவ ரத்தத்துல விட்டுடும், ஒண்ணு ரெண்டு நாள்ல வெள்ளைப்புழு காலி, அப்புறம் அந்த உடம்ப அழுக விடாம பாக்டீரியா பாத்துக்கும், பாக்டீரியாவத் தின்னு நூற்புழு பெருகும். பயிர் வேரக் கெடுக்கிற வேர்முடிச்சு நூற்புழு வேற, இது செடியத் தொடாது. இந்த நூற்புழுவுல ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகாங்கிற இனத்த 1992ல முதல்ல விவரிச்சதே கோயமுத்தூர்ல கிடைச்சத வெச்சுத்தான்.

முதல்ல மண்ணு. மாமரத்தடி, வரப்போரம்னு மருந்து படாத, ஈரமான எடமா பாத்து அரையடி வரைக்கும் நோண்டி, நாலஞ்சு எடத்து மண்ணத் தனித்தனியா எடுங்க, எல்லாத்துலயும் இருக்காது.

அடுத்து, மண்ணுல இருக்கிற நூற்புழுவப் பிடிக்க இரை. தேனீ வளக்கறவங்ககிட்ட கேட்டா பழைய அடையில மெழுகு அந்துப்பூச்சி புழு கிடைக்கும், அவங்களுக்கு அது தொல்லைதான், சந்தோஷமா குடுப்பாங்க. டப்பாவுல மண்ணப் போட்டு, கையில பிடிச்சா உருண்டையா நிக்கிற அளவு ஈரம் பண்ணி, அஞ்சாறு புழு விட்டு, மூடியில ஊசி ஓட்ட போட்டு, கவுத்து இருட்டுல வைங்க. மூடி டைட்டா இருக்கட்டும், பிளாஸ்டிக்கயே கடிச்சுட்டு வந்துடும்!

மூணாம் நாள்ல இருந்து பாருங்க. இரைப் புழு செங்கல் கலர்ல, நாத்தமில்லாம செத்திருந்தா அதுக்குள்ள இருக்கிறது நம்ம நூற்புழுதான். கும்மிருட்டுல கண்ணு பழகினதும் பாத்தா லேசா மினுங்கும், அது பாக்டீரியாவோட வெளிச்சம். கறுத்து நாறினா தூக்கிப் போடுங்க.

இப்ப தட்டுல கொஞ்சம் தண்ணி, நடுவுல ஒரு மூடியக் கவுத்து, மேல டிஷ்யூ பேப்பர், அதோட ஓரம் தண்ணியில நனையணும், அதுக்கு மேல செத்த புழுவ அடுக்கிடுங்க. பத்து நாள் வாக்குல நூற்புழு லட்சக்கணக்குல தண்ணிக்கு இறங்கி, தண்ணியே பால் மாதிரி கலங்கும்.

அத ஃபிரிட்ஜுல வைக்காதீங்க, இண்டிகா குளிர் தாங்காது. வெயிலும் ஆகாது, அதனால சாயங்காலமா மண்ண நனைச்சு, இந்த நூற்புழுத் தண்ணிய ஊத்தி, மறுபடி தண்ணி விடுங்க. ஏக்கருக்கு பொதுவா 100 கோடி நூற்புழு கணக்கு, அதனால வீட்டு சரக்கு ரோஜாத் தொட்டி, நாத்தங்கால், மாங்கன்னுக்குதான் பத்தும். முழு காட்டுக்கு வேணும்னா பாப்பாரப்பட்டி கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) கேட்டுப் பாருங்க. ஒரு வாரம் கழிச்சு நோண்டுறப்ப செவந்து செத்த புழு கிடைச்சா எடுத்து எறிஞ்சுடாதீங்க, அங்கயே மூடிடுங்க, அடுத்த கூட்டம் அதுல இருந்துதான் வரும்.