மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்றாகிவிட்டால்

தினமும் வந்த குழாய்த் தண்ணீர் இனி மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்று அறிவிப்பு வந்ததும் பலரும் ஓடிப்போய்ப் பெரிய தொட்டியாக ஒன்று வாங்குகிறார்கள். அவசரப்படாதீர்கள். தண்ணீர் வரும் அளவு தெரியாமல் வாங்கிய தொட்டி பாதி காலியாகவே நிற்கும்.

முதலில் ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம், முடியும் முன் ஒரு தரம். தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிப்பதால் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். சராசரியாக 60 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர்; தண்ணீர் இரண்டு மணி நேரம் வந்தால் 1,200 லிட்டர். நான்கு பேர், ஆளுக்கு நாளுக்கு 80 லிட்டர் என்று வைத்தால் மூன்று நாளுக்கு 960 லிட்டர் வேண்டும். சமாளிக்கலாம். வாளி நிரம்ப 120 விநாடி எடுத்தால் கிடைப்பது 600 லிட்டர்தான், ஆளுக்கு நாளுக்கு 50. அங்கே பெரிய தொட்டியால் பயனில்லை, தண்ணீர்ச் செலவைக் குறைப்பதுதான் வழி. தொட்டியின் கொள்ளளவில் ஒரு நாள் தேவையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முறை தள்ளிப்போவது சகஜம்.

1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். மொட்டை மாடியின் நடுவில் அதை வைக்கக் கூடாது. கீழே சுவரோ உத்திரமோ தாங்கும் இடத்தில், அடிப்பாகம் முழுவதும் படியும்படி சமதளத்தில் வையுங்கள். நான்கு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்தால் பிளாஸ்டிக் தொட்டியின் அடி நாளடைவில் விரிசல் விடும்.

அடுத்ததுதான் பெரும்பாலானோர் கவனிக்காத ஆபத்து. தண்ணீர் நின்றதும் தெருக்குழாயில் அழுத்தம் இறங்குகிறது. அப்போது விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே கசியலாம். அதனால் முறை தொடங்கியதும் வரும் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள். தொட்டிக்கு முன்னால் T எழுத்துப்போல் பிரியும் ஒரு டீ இணைப்பும் தனிக் குழாயும் போட்டு, கலங்கல் தெளிந்து நாற்றம் போகும்வரை அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பிடித்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைபட்ட காற்றும் இதே வழியாக வெளியேறும்.

டிரம்முக்குள் ஹோஸை மூழ்கவிட்டு அப்படியே போய்விடுவதும் தவறு. அழுத்தம் இறங்கினால் டிரம் தண்ணீர் தெருக்குழாய்க்குள் திரும்ப உறிஞ்சப்படும். நிரப்பும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு மேலே குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரத்தில், குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளியோடு இருக்கட்டும். தெருக்குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி இழுப்பவர்கள் பக்கத்து வீட்டின் பங்கை மட்டும் அல்ல, அந்தச் சாக்கடை நீரையும் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புதுத் தொட்டியானாலும் பழையதானாலும் முதலில் தேய்த்துக் கழுவி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி 12 மணி நேரம் விடுங்கள். பிறகு முழுவதையும் வெளியேற்றிவிட்டு அலசுங்கள். பவுடரை வாளியில் தனியாகக் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடியில் சுண்ணாம்பு படியும். திறந்து பல மாதமான பொட்டலம் வீரியம் இழந்திருக்கும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிச் சேர்த்துவைத்த நீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக வெப்பமான இடங்களில் ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மூடி இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாய்க்கு நுண்வலை கட்ட வேண்டும்.

கசிவைப் பிடிப்பது எளிது. இரவு கழிப்பறையின் பிளஷ் தொட்டியில் கொஞ்சம் நிறச்சாயம் விட்டு, 20 நிமிடம் யாரும் தண்ணீர் விடாமல் இருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே அடைப்பான் ரப்பர் போய்விட்டது. விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் நாளுக்குச் சுமார் 20 லிட்டரைத் தின்னும்.

கடைசியாக, ஒரு நோட்டு. தண்ணீர் வந்த தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், வாளி நிரம்பிய விநாடி ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள். "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்ற புகார் ஒதுக்கப்பட்டுவிடும். அறிவித்த இரண்டு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் வந்தது என்று ஐந்து வீடுகள் ஒரே தேதிகளோடு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.