ஃபார்மட் செய்யவா என்று கேட்ட டிஸ்க்

தண்டையார்பேட்டை வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு மாலையில், அக்கா கல்யாணப் படங்கள் இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கண்ணை மூடிவிட்டது. செருகினால், ‘ஃபார்மட் செய்யவா?’ என்றது விண்டோஸ். நல்லவேளை, செய்யவில்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே பாகம் பழுதானால் வரும் டக் டக் சத்தம் இல்லை. இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்.

பென் டிரைவிலிருந்து உபுண்டு இயங்குதளத்தை ஏற்றி, பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள் மூலம் டிஸ்க் முழுவதையும் வேறொரு 1 டிபி டிஸ்கில் ஒரே கோப்பாக நகலெடுத்தேன். படிக்க முடியாத இடங்களை அது தாண்டிப் போய், நல்லதையெல்லாம் எடுத்த பிறகுதான் திரும்பி வந்து அவற்றோடு மல்லுக்கட்டும். எதுவரை படித்தது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பையும் அதே 1 டிபியில் வைத்திருந்ததால், நடுராத்திரி மறுபடி கரண்ட் போனபோதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அப்புறம் அந்த நகலில், கெட்டுப்போன பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருள். பார்ட்டிஷனின் அமைப்பு விவரம் இருக்கும் முதல் துண்டான பூட் செக்டார் கெட்டிருந்தது. விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் அதன் பிரதி ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் வைத்திருக்கும், அது பிழைத்திருந்தது. அந்தப் பிரதியை முதல் செக்டாரில் எழுதும் ‘பேக்கப் பிஎஸ்’ கொடுத்து, நகலை மவுன்ட் செய்து திறந்ததும், படங்கள் ஃபோல்டர் பெயர்களோடு வந்துவிட்டன. கோப்புகளை மட்டும் தேடி எடுக்கும் போட்டோரெக் மென்பொருளை ஓட்டியிருந்தால் படங்கள் கிடைத்திருக்கும், பெயர்கள் போயிருக்கும். 4,000 படங்களுக்கு யார் உட்கார்ந்து பெயர் வைப்பது?

11 படங்கள் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அதில் ஒன்று தாலி கட்டும் படம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.