மருந்தின் உண்மையான பலனை நீங்களே கணக்கிடலாம்

“இறப்பை 73 சதவீதம் குறைக்கும் மருந்து” என்று செய்தி வந்தால், முதலில் நான்கு எண்களைத் தேடுங்கள்: மருந்து பெற்ற, பெறாத இரு குழுக்களிலும் எத்தனை பேர், அவர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர். வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர் இருந்தால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்ட காசநோய் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். யாருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் தற்செயல் எண்களை வைத்து வகுத்தார். யார் எந்தக் குழு என்று சொல்லும் சீட்டுகள் மூடிய உறைகளில் இருந்தன. அடுத்த சீட்டு மருத்துவருக்கு முன்பே தெரிந்தால், தேறக்கூடிய நோயாளி மருந்துப் பக்கம் போய்விடுவார். அந்தச் சாய்வை எந்தச் சூத்திரமும் முழுதாக நீக்காது.

ஆறு மாதத்தில் மருந்துக் குழுவின் 55 பேரில் 4 பேரும், ஓய்வுக் குழுவின் 52 பேரில் 14 பேரும் இறந்தனர். அதாவது 7.3%, 26.9%. வகுக்கும்போது குழுவில் சேர்க்கப்பட்ட அத்தனை பேரையும் கீழே போடுங்கள். பாதியில் நின்றவர்களைக் கழித்தால் மருந்து இல்லாத அழகைப் பெறும்.

26.9இல் 7.3ஐக் கழித்தால் 19.6. இதுதான் நேரடிப் பலன். 100ஐ இதால் வகுத்தால் 5.1, ஒரு உயிரைக் காக்க ஐந்தாறு பேருக்கு மருந்து தர வேண்டும். அந்த 73%, இதே 19.6ஐ 26.9ஆல் வகுத்து வருவது. இறப்பே அரிதான நோயிலும் அதே 73% வரலாம். அங்கே ஒருவரைக் காக்க ஆயிரம் பேருக்கு மருந்து தேவைப்படலாம்.

அடுத்தது நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான பலன் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பது. ஒவ்வொரு குழுவிலும் இறந்த விகிதத்தையும் பிழைத்த விகிதத்தையும் பெருக்கி, ஆள்தொகையால் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 0.071. இதை 95% இடைவெளிக்கான 1.96ஆல் பெருக்கினால் 0.139, அதாவது 13.9 சதவீதப் புள்ளிகள். ஆக, பலன் சுமார் 6 முதல் 34 புள்ளிகள் வரை எங்கும் இருக்கலாம். மருந்துக் குழுவில் இறப்பு நான்கே என்பதால் இது தோராயம்தான். ஆய்வேட்டில் போடுவதானால் துல்லிய முறை வேண்டும்.

கடைசியாகக் காலத்தைப் பாருங்கள். ஐந்தாண்டுகளில் மருந்துக் குழுவில் 32 பேரும் மற்றதில் 35 பேரும் இறந்திருந்தனர். கிருமி மருந்துக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டது. வித்தியாசம் 9 புள்ளிகள், இடைவெளி −9 முதல் 27 வரை. பூச்சியம் அதற்குள்ளேயே இருக்கிறது, அதாவது பலனே இல்லாமலும் இருக்கலாம்.