சிங்கப்பூரில் பிள்ளை வளர்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் புளோக்கில் ஒவ்வோர் ஆண்டும் ஊரிலிருந்து ஒன்றிரண்டு குடும்பங்களாவது புதிதாகக் குடிவருகின்றன. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விளையாடும்போது பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம், பிஆர் (நிரந்தரவாசம்), தமிழ் என்று கேள்விகள் வரும். கேட்கக் கேட்க எனக்குப் பதற்றமாக இருக்கிறது. எங்களோடு வந்தவர்கள் எதிலெல்லாம் மாட்டிக்கொண்டார்களோ, அதிலேயே இவர்களும் மாட்டப்போகிறார்கள் என்று தெரிகிறது.

ரயிலில் சாப்பிடக் கூடாது, சூயிங்கம் கொண்டுவரக் கூடாது என்பதெல்லாம் வந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பிள்ளையின் வாழ்க்கையில் பல ஆண்டுகளைப் பாதிக்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வந்த பிறகு பள்ளிக்கூடம் தேடுவது

"முதலில் நான் போய் வேலையில் சேர்கிறேன், வீடு பார்க்கிறேன், ஸ்கூலை அப்புறம் பார்த்துக்கலாம்." பெரும்பாலான அப்பாக்கள் இப்படித்தான் கிளம்புகிறார்கள்.

இங்கே அரசுப் பள்ளிகளின் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தொடக்கநிலை 1-க்கான (முதல் வகுப்பு) பதிவில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் போக மிஞ்சும் இடங்கள்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்கும் முன்கூட்டியே விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும், உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேர ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் எழுத வேண்டும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும். இடம் கிடைத்தால் அடுத்த ஜனவரியில் சேரலாம். எந்தப் பள்ளி என்பதைக் கல்வி அமைச்சுதான் சொல்லும், நாம் கேட்டு வாங்க முடியாது. தொடக்கநிலை 6, பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டு. அதில் சேர ஏஇஐஎஸ் வழியாக இடமே இல்லை.

கோயம்புத்தூரில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு மே மாதம் வந்து இறங்கிய ஒரு பெண் குழந்தையை எனக்குத் தெரியும். இங்கே அரசுப் பள்ளியில் சேர வேண்டுமானால் செப்டம்பரில் தேர்வு எழுதி, ஜனவரியில் மறுபடியும் ஐந்தில் உட்கார வேண்டும். அதுவரை வீட்டில்தான். மூன்று மாதம் அப்படி இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு தனியார் பன்னாட்டுப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் கட்டணம் அப்பாவின் சம்பளக் கணக்கிலேயே இல்லை. வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள். சேர்ந்த பிறகு பேச முடியாது.

இங்கே பிறந்த குழந்தையின் பதிவைத் தள்ளிப்போடுவது

சிங்கப்பூரில் பிறந்தால் சிங்கப்பூர்க் குடியுரிமை தானாக வராது. பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமைதான். அதுவும் சும்மா வந்துவிடாது. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கிற குழந்தைகளுக்கு, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஆண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி கேட்டு அலைய வேண்டும்.

பெயரிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் எழுதுகிற பெயர்தான் பாஸ்போர்ட்டுக்கும் போகும். ஊரில் எழுதுவதுபோல இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பாவின் பெயரை முழுதாக எழுதுங்கள். குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022-ல் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் திண்டாடினார்கள்!

மகனுக்கும் சேர்த்துப் பிஆர் வாங்கிவிட்டு, என்எஸ் (தேசிய சேவை) பற்றி வாயே திறக்காதது

மற்ற தவறுகளை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். இதைச் சரிக்கட்ட முடியாது. அதனால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வேலைக்கு வந்து தன் தகுதியில் நிரந்தரவாசம் பெறுகிற அப்பாவுக்குத் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற படைகளில் கட்டாயச் சேவை, கிடையாது. அவர் வழியாக நிரந்தரவாசம் பெறுகிற மகனுக்குக் கட்டாயம் உண்டு. பதினாறரை வயதில் பதிந்துகொள்ள வேண்டும். பதினெட்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பையனுக்குப் பதின்மூன்று வயதானதிலிருந்தே மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க அனுமதி வாங்க வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணைத்தொகையும் கேட்பார்கள். அது 75,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) தொடங்குகிறது.

இவ்வளவும் அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிற விஷயம். ஆனாலும் மகனுக்கு நான்கு வயது, ஐந்து வயது இருக்கும்போது விண்ணப்பம் போடுகிறவர்களிடம் கேட்டால், "அதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு அக்கா, அப்போ பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. பல குடும்பங்கள் திரும்புவதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையனுக்குப் பதினாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா அவனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீலக் கோப்பு. பிஆர் கிடைத்தபோது வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். "அவங்க அப்பா போகலையே, இவன் மட்டும் ஏன் போகணும்?" என்று கேட்டார். பையன் சன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திருப்பித் திருப்பிக் கொண்டிருந்தான். ஐஐடி ஆசை. அதற்காக ஒரு பன்னாட்டுப் பள்ளியில் இந்தியப் பாடத்திட்டம் படித்துக்கொண்டு, பள்ளி முடிந்து இரவு பதினொரு மணி வரை ஆன்லைனில் ஜேஇஇ பயிற்சி.

இங்கேதான் சிக்கல். ஐஐடியில் சேர்வதற்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோதான் எழுத முடியும். பன்னிரண்டை முடித்ததும் இரண்டு ஆண்டு, பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவிலும் முகாம்களிலும் கழித்துவிட்டு வருகிறவனுக்கு அந்த வாசல் மூடியிருக்கும். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவையை முடித்து வரும்வரை பையன்களுக்கு இடத்தை வைத்திருக்கும். நம் ஊர்க் கல்லூரிகள் அப்படிக் காத்திருப்பதில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சேவைக்கு வருகிறேன் என்று கேட்டாலும் பொதுவாக விடமாட்டார்கள்.

இதை நான் சொல்லி முடித்தபோது பையன்தான் பேசினான். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போறாங்க ஆன்ட்டி. எனக்கும் போறதுல ஒண்ணும் இல்ல. முன்னாடியே சொல்லியிருந்தா இந்தக் கோச்சிங்லாம் போயிருக்க மாட்டேன்ல." அம்மா ஒன்றும் பேசவில்லை. கோப்பை மூடிக்கொண்டார்.

நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டால் போகிறது என்று சுலபமாக யோசனை சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சேவை செய்யாமல் துறந்தால், பிற்பாடு அந்தப் பையன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பெற்றோரின் மறுநுழைவு அனுமதியை (நிரந்தரவாசிகள் வெளிநாடு போய்த் திரும்பி வரத் தேவையானது) புதுப்பிக்கும்போதும் பாதிப்பு வரலாம். துறக்காமல் சேவைக்கும் வராமல் வெளிநாட்டில் தங்கிவிட்டால் அது குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தேசிய சேவை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. போய்வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். பொறுப்போடு வருகிறார்கள், வாழ்நாள் நண்பர்களோடு வருகிறார்கள். இந்த நாட்டில் வளர்ந்து, இதன் பள்ளிகளில் படித்த பிள்ளை இதைச் செய்வது நியாயம்தான். என் கோபம் பெற்றோர்மேல். விண்ணப்பத்தில் மகன் பெயரை எழுதுகிற அன்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். இங்கேயே இருக்கப்போகிறோமா? இருக்கிறோம் என்றால் அவனையும் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், பத்து வயதிலேயே அவனிடம் சொல்லுங்கள், படிப்பை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்றால், மகனைச் சேர்க்காமல் மாணவர் அனுமதி அட்டையில் படிக்க வைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. கட்டணம் கூடும், இடம் கிடைப்பதும் கடினம். ஆனாலும் அது யோசித்து எடுத்த முடிவு.

தமிழை விட்டு இந்தி எடுக்க வைப்பது

"ஊருக்குத் திரும்பினால் உதவும்" என்று காரணம் சொல்கிறார்கள். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி. பள்ளியில் பாடமாகவே படிக்கலாம், அரசு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஏப்ரல் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கிறது. வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாமல், பல பிள்ளைகள் வார இறுதியில் வேறோர் இடத்துக்குப் போய் அதைப் படித்துவிட்டு வருகிறார்கள். பிஎஸ்எல்இ வரும்போது கட்டுரை திருத்தக்கூட அம்மாவால் முடிவதில்லை. தாத்தா பாட்டியோடு பேசுகிற மொழியில் பிள்ளைக்கு எழுதப் படிக்கவும் தெரியட்டும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாப் பாடத்துக்கும் டியூஷன்

வேண்டாம். சாயங்காலம் கீழே விளையாட விடுங்கள்.

பணிப்பெண்ணின் விடுமுறை நாளில் பிள்ளையை அவரிடம் விடுவது

அது அவருடைய நாள்.

தாத்தா பாட்டியைக் காப்பீடு இல்லாமல் அழைத்து வருவது

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருகிற பெரியவர்களுக்கு இங்கே அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது, முழுக்கட்டணம்தான். ஓர் இரவு நெஞ்சுவலி என்று சேர்த்தாலே ஊரிலிருந்து கடன் வாங்கிக் கட்டுகிற நிலை வரும். ஊரிலேயே பயணக் காப்பீடு எடுங்கள். அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் அது பொருந்துகிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.