ஓசூரில் ஒருத்தி, அரூரில் ஒருத்தி, ஒரே பாட்டு: சேர்ந்து கேட்கும் வசதியை வடிவமைப்பது எப்படி?

ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் ஒருத்தி, அரூரில் இருக்கும் தோழியோடு ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்க ஆசைப்படுகிறாள். அதற்கான போன் வசதியை நாமே வடிவமைத்துப் பார்ப்போம். கோடிங் தெரிய வேண்டியதில்லை, நோட்டும் பென்சிலும் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்கும் எடுக்கலாம்.

படி 1: எதை அனுப்புவது?

என் போனில் ஓடும் பாட்டு அவள் போனுக்குப் போக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். பாட்டை அனுப்பவே வேண்டாம். விநாடிக்கு 96 கிலோபிட் தரத்தில் 5 நிமிடப் பாட்டு சுமார் 3.6 எம்பி. அதை ஒருத்தி இறக்கி, திரும்ப ஏற்றி அனுப்பினால் டேட்டா வீணாகும், காப்புரிமைச் சிக்கலும் வரும். அவரவர் பாட்டு ஆப் சந்தாவில், அவரவர் போனிலேயே பாட்டு ஓடட்டும். நடுவில் போக வேண்டியவை சில தகவல்கள் மட்டுமே: எந்தப் பாட்டு, பாட்டின் எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்குத் தொடங்கியது, இப்போது ஓடுகிறதா நிற்கிறதா. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

படி 2: கடிகாரங்களை ஒன்றாக்குவது

இரண்டு போன்களிலும் மணி அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருக்காது. அதனால் இரண்டுமே ஒரு சர்வரிடம், அதாவது இணையத்தில் நடுவே இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரிடம், மணி கேட்க வேண்டும். உங்கள் போன் தன் கடிகாரப்படி சரியாக 10 மணிக்குக் கேட்கிறது. “10 மணி 4 செகண்ட்” என்ற பதில் வந்து சேரும்போது போனில் 10 மணி 0.2 செகண்ட். போய்வர 0.2 என்றால், வருவதற்கு மட்டும் தோராயமாக 0.1. ஆகவே சர்வரில் இப்போது 10 மணி 4.1 செகண்ட், உங்கள் போன் 3.9 செகண்ட் பின்தங்கியிருக்கிறது. இப்படிப் பல தடவை கேட்டு, பதில் எது சீக்கிரம் வந்ததோ அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் திணறிய நேரத்துக் கணக்கை நம்பக்கூடாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் வீணாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓசூரும் அரூரும் ஒருவர் காதில் விழுவது மற்றவருக்குக் கேட்காத தூரம். “இந்த இடம் செமயா இருக்குடி” என்று டைப் செய்து அனுப்ப, அரை செகண்ட் முன்பின் இருந்தாலும் குறையில்லை. ஒரே அறையில் இரண்டு போன் ஸ்பீக்கர்களில் ஓடவிட்டால்தான் மில்லிசெகண்டுகளும் உறுத்தும், பாட்டு இரட்டித்து ஒலிக்கும். புளூடூத் ஹெட்செட் தன் பங்குக்கு 100 மில்லிசெகண்டுக்கு மேலும் தாமதப்படுத்தும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரே போனில் ஓட்டுவதுதான் சரி. 2022-ல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்ற புளூடூத் முறை, ஒரு போனிலிருந்து பல ஹெட்செட்டுக்கு ஒலியை அனுப்பக் கூடியது.

படி 3: சிக்னல் போனால்?

தர்மபுரியிலிருந்து சேலம் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்கும்போதோ, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையிலோ சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். என் பதில் இது. அடுத்த பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிக்னல் போனாலும் கையில் இருக்கும் பாட்டு நிற்கக் கூடாது. ஒருத்திக்குச் சிக்கல் என்பதற்காக எல்லோருக்கும் பாட்டை நிறுத்தவே கூடாது. அப்படிச் செய்தால் இரண்டாம் நாள் யாரும் அந்த வசதியைத் தொடமாட்டார்கள்.

திரும்பச் சேரும்போது இடைவெளி ஒரு செகண்டுக்குள் என்றால், சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 2 சதவீதம் கூட்டுங்கள். 50 செகண்டில் எட்டிப் பிடித்துவிடும், காதுக்கே தெரியாது. அதற்கு மேல் என்றால் நேராக அந்த இடத்துக்குத் தாவி, “சேர்ந்துவிட்டீர்கள்” என்று ஒரு வரி காட்டினால் போதும்.

படி 4: யார் கையில் பட்டன்?

பாட்டு சேர்க்கும் உரிமை எல்லோருக்கும் கொடுங்கள். அடுத்த பாட்டுக்குத் தாவும் உரிமை, தொடங்கியவரிடம் இருக்கட்டும். ஒருத்தி ஆசையாகப் போட்ட பாட்டை இன்னொருத்தி பாதியில் வெட்டினால் மனசு கசந்துவிடும்.

பேசுவதற்கும் ஒரு பட்டன் வேண்டும். 1979-ல் வந்த சோனியின் முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகளும் ஓர் ஆரஞ்சு பட்டனும் இருந்தன. பட்டனை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணிந்து, மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். சேர்ந்து கேட்பவர்களுக்கு நடுவே பேச்சும் வரும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். நம் ஸ்கிரீனிலும் அது இருக்கட்டும். ஆனால் போனில் சேர்ந்து பாடலாம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குரல் போய்ச்சேரும் தாமதம் தாளத்தைக் கெடுத்துவிடும்.

படி 5: வெளியே தெரியாமல் காப்பது

நம் ஊர்களில் ஒரே போனை அம்மா, அண்ணன், தங்கை என்று வீடே தொடும். அழைப்பு வந்தால் பூட்டிய திரையில் “ஓர் அழைப்பு” என்று மட்டும் வரட்டும். பெயரும் பாட்டும் போனைத் திறந்த பிறகுதான். ‘இப்போது கேட்பது’ என்று எல்லோருக்கும் காட்டும் வசதி, தானாக ஆன் ஆகி இருக்கவே கூடாது. அழைப்பு லிங்க் சில மணி நேரத்தில் செல்லாமல் போக வேண்டும். யார் யார் கேட்கிறார்கள் என்பது எப்போதும் திரையில் தெரிய வேண்டும். இந்த நான்கில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: பேப்பரில் ஓட்டிப் பார்ப்பது

மூன்று ஸ்கிரீன் வரையுங்கள்: அழைப்பது, கேட்பது, சிக்னல் போனது. இரண்டு தோழிகளை வெவ்வேறு அறையில் உட்காரவைத்து, பேப்பரில் விரல் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் நடுவில் சர்வராக நின்று, படி 1-ல் சொன்ன தகவல்களை எழுதிய சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சொல்லிக்கொடுக்காமல், எந்தப் பட்டனில் விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரையும்போது அந்த பட்டனிலிருந்து தொடங்குங்கள்.